சிவப்புக் கட்டை

எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும், எந்த அலுவலகத்தில் கூட்டம் என்று கூப்பிட்டாலும், நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். பெண்கள் கழிப்பறை எங்கே இருக்கிறது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது? பாலினச் சமத்துவம் பற்றிப் பேச வந்த அம்மாள் வந்ததும் வராததுமாக இதைக் கேட்கிறாளே என்று சிலர் நெளிவார்கள். நெளியட்டும். சமத்துவக் கொள்கையைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள். அதை அப்புறம் படித்துக்கொள்ளலாம். சாவி யாரிடம் என்று தெரிந்தால் எனக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இந்தக் கேள்வியை ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில்தான் பிடித்துக்கொண்டேன். அதற்கு முன்னால் நான் படித்த புத்தகங்கள் கொஞ்சநஞ்சமல்ல.

எண்பதுகளின் தொடக்கம் அது. வேலூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் சரித்திரம் படித்து முடித்திருந்தேன். வீடு குடியாத்தத்தில். அப்பாவுக்கு லுங்கி நெய்யும் விசைத்தறிகள். தறிச் சத்தத்தை மீறிக் கத்திப் பேசியே வளர்ந்ததால் என் குரல் எப்போதும் ஒரு படி உயரத்தில்தான் இருக்கும். "பொட்டப் புள்ளைக்கு இன்னா இவ்ளோ தொண்டை?" என்று கேட்காத உறவுக்காரர் கிடையாது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நானும் குறைத்துக்கொள்ளவில்லை.

கல்லூரி நூலகத்தில் ஓட்டுரிமைக்காகச் சிறைக்குப் போன வெள்ளைக்காரிகளைப் பற்றிப் படித்தேன். விலைவாசி ஏறியபோது தட்டையும் கரண்டியையும் தட்டிக்கொண்டு தெருவுக்கு வந்த வடநாட்டுப் பெண்களைப் பற்றிப் படித்தேன். மரத்தை வெட்ட வந்தவர்கள் முன்னால் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்ற மலைக் கிராமத்துப் பெண்களைப் பற்றிப் படித்துவிட்டு, பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உடம்பு சிலிர்த்துக்கொண்டே வந்தது. இதைத்தான் படிக்க வேண்டும், இதைத்தான் என் பிழைப்பாகவும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். அப்படி ஒரு பிழைப்பு உலகத்தில் இருக்கிறதா என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது.

இருந்தது. சென்னையில் பெண்கள் இயக்கங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய, இரண்டு வருட உதவித்தொகையோடு ஓரிடம் இருப்பதாகக் கல்லூரிப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். வருபவர்கள் தங்கள் மாவட்டத்தில் நடந்த ஏதாவது ஒரு பெண்கள் இயக்கத்தை நேரில் போய் அறிந்துவந்து நேர்முகத் தேர்வில் பேச வேண்டும். அப்பாவிடம் சொன்னேன். தறிகளை நிறுத்திவிட்டு வந்து கேட்டார்.

"இத்த படிச்சா இன்னா உத்தியோகம்?"

"பொம்பளைங்களுக்குச் சம உரிமை வாங்கித் தர்ற உத்தியோகம்."

"வாங்கித் தர்றதுக்கு, ரேஷன் கடையிலயா போடறாங்க?"

அவருக்கு ஏற்கெனவே திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு மாப்பிள்ளை கண்ணில் பட்டிருந்தான். நூல் வியாபாரம் செய்யும் குடும்பம். பையனின் அம்மா வந்து என்னைப் பார்த்துவிட்டு, "பொண்ணு எப்பவுமே இப்டித்தான் சத்தமா பேசுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போயிருந்தாள். அப்பா என்னிடம் பேரம் பேசினார். "சென்னையில எடம் கெடச்சா போ. நான் குறுக்க நிக்கல. கெடைக்கலன்னா வாய மூடிக்கினு கழுத்த நீட்டணும். நடுவுல ஏதாவது வம்பு வந்துச்சுன்னா அதோட சரி." ஒப்புக்கொண்டேன். வேறு வழி?

ஆக, எனக்கு ஓர் இயக்கம் வேண்டும். எங்கே போவேன்? கொடி, மேடை, தலைவி, தீர்மானம் எல்லாம் இருந்தால்தான் இயக்கம் என்று புத்தகங்கள் சொல்லியிருந்தன. ஒரு கட்சி அலுவலகத்தில் போய்க் கேட்டேன். "மகளிர் அணி கீதும்மா. மீட்டிங்குன்னா வந்து நாற்காலி போடுவாங்க, கோலம் போடுவாங்க" என்றார் அங்கே இருந்தவர், ரொம்பப் பெருமையாக. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நாற்காலியிலேயே அவரைக் கட்டிவிட்டு வந்திருப்பேன்.

தினமும் காலையில் பாசஞ்சர் ரயிலில் பெண்கள் கூட்டம் கூட்டமாக ஆம்பூருக்கு வேலைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு பேர் ஓரிடத்தில் வேலை செய்தால் ஏதாவது ஒரு இயக்கம் இருந்தே தீரும் என்று நினைத்தேன். அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் அங்கே ஒரு ஷூ கம்பெனியில் மேனேஜர். கெஞ்சிக் கூத்தாடி ஹெல்ப்பர் வேலைக்குச் சேர்ந்தேன். தைத்து வரும் ஷூவின் மேல்தோலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை நறுக்க வேண்டும். தோல் நாற்றமும் ஒட்டுவதற்குப் பூசும் சொல்யூஷன் நெடியும் முதல் நாள் தலையைச் சுற்றவைத்தன. பிறகு, வீட்டுக்குப் போனால்தான் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது.

எங்கள் கூடம் முழுக்கப் பெண்கள். தையல் மெஷின்கள் வரிசை வரிசையாக. வாசல் பக்கம் சூப்பர்வைசரின் மேஜை. அதற்கு மேலே ஓர் ஆணியில் அந்தக் கட்டை தொங்கும்.

ஷூவுக்கு வடிவம் கொடுப்பதற்காகக் கால் மாதிரியே செதுக்கிய மரக்கட்டைகள் உண்டு. பக்கத்துக் கூடத்தில் ஆண்கள் அவற்றின் மேல்தான் தோலை இழுத்து ஆணி அடிப்பார்கள். அப்படி ஒரு கட்டைக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, கயிறு கட்டி, அதைப் பெண்கள் கழிப்பறைக்குப் போவதற்கான பாஸாக வைத்திருந்தார்கள். கூடத்துக்கே ஒரு கட்டைதான். போகிறவள் மேஜைக்குப் போய்க் கேட்டு, கட்டையை வாங்கி, அதைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு ஆண்கள் கூடத்தின் நடுவாக நடந்து போய்த் திரும்பி வந்து மாட்ட வேண்டும். அவள் வரும்வரை மற்றவள் எழுந்திருக்கக் கூடாது. "கட்டை இல்லாம எவளும் எடத்த விட்டு எழுந்திருக்கக் கூடாது" என்பது சூப்பர்வைசரின் வாய்ப்பாடு. ஆண்களுக்குக் கட்டையும் இல்லை, குட்டையும் இல்லை. பீடி பிடிக்கப் போகிற சாக்கில் போய் வருவார்கள்.

அந்தச் சிவப்புக் கட்டை தெரிந்தாலே ஆண்கள் பக்கம் சுத்தியல் சத்தம் குறையும். "இன்னாம்மா, இப்பதானே ஒரு தபா போனே?" என்று எவனாவது கேட்பான். அடப்பாவிகளா, இதைக்கூடவா எண்ணிக்கொண்டிருப்பீர்கள்? அந்த நடைக்குப் பயந்தே எங்களில் முக்கால்வாசிப் பேர் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டார்கள். குடத்தில் தண்ணீர் வைத்தது வைத்தபடி இருக்கும். நீர்க்கடுப்பு இல்லாத பெண்ணே அந்தக் கூடத்தில் கிடையாது. நானும் தண்ணீரை விட்டேன். எனக்கும் வந்தது.

என் பக்கத்து மெஷினில் ஆம்பூர்க்காரி ஒருத்தி இருந்தாள். எல்லாரும் அவளை ஆப்பா என்போம். உருது பேசும் அவர்கள் வீட்டில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தாளானால் வாய் ஓயாது. என்னை 'காலேஜு' என்றுதான் கூப்பிடுவாள். நான் சாப்பாட்டு நேரத்தில் எதையாவது கிறுக்குவதைப் பார்த்து, "இன்னா காலேஜு எழுதறே?" என்று கேட்டாள். இங்கே பெண்கள் இயக்கம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறேன் என்றேன்.

"இயக்கமா? எழுந்திரிக்கவே வுட மாட்டேங்கறான், இதுல எங்க இயக்கம்?" என்று சிரித்துவிட்டு மெஷினை ஓட்டினாள்.

கடைசி வரிசையில் ஒரு சின்னப் பெண். கல்யாணமாகி வந்தவள், வயிறு தெரிய ஆரம்பித்து மாதங்கள் ஆகியிருந்தன. ஒருநாள் அவள் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். கட்டை ஆணியில் இல்லை. வேறொருத்தி எடுத்துப் போயிருந்தாள். "கட்டை வரட்டும்" என்றார் சூப்பர்வைசர், தலையை நிமிர்த்தாமல். அவள் ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டு, "சார், முடியல சார்" என்றாள். "வரட்டும்னேனே." அவள் நின்றாள். கொஞ்ச நேரத்தில் நின்ற இடத்திலேயே மடிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். புடவை நனைந்து, தரையில் ஓடியது. வாசல் பக்கம் வண்டி தள்ளிக்கொண்டு வந்த ஆள் ஒருவன் சிரித்தான். சூப்பர்வைசர் துடைக்கும் துணியைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

அவள் துடைத்தாள். துடைத்துவிட்டுப் போய் மெஷினில் உட்கார்ந்து தைத்தாள். அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. கூடத்தில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆப்பாகூடப் பேசவில்லை. சாயங்காலம் ரயிலில் எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அவமானத்தில் வந்த அழுகையா, ஆங்காரத்தில் வந்ததா, தெரியாது. இரண்டும்தான்.

மறுநாள் அந்தப் பெண் வேலைக்கு வரவில்லை. சிவப்புக் கட்டை வழக்கம்போல ஆணியில் ஆடிக்கொண்டிருந்தது. ஆப்பா வந்தாள், குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு கடகடவென்று குடித்தாள். பின்னாலேயே இன்னொருத்தி குடித்தாள். சொம்பு கைமாறிக்கொண்டே போனது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்னிடம் வந்தபோது நானும் குடித்தேன்.

டீ நேரம் முடிந்து மெஷின்கள் ஓட ஆரம்பித்ததும் ஒருத்தி வழக்கம்போலப் போய்ச் சிவப்புக் கட்டையை வாங்கிக்கொண்டு வெளியே போனாள். அவள் தலை மறைந்ததும் ஆப்பா எழுந்தாள். கூடத்து மூலையில் ஒரு சாக்கு கிடக்கும். தேய்ந்து உடைந்த பழைய கட்டைகளைக் கேண்டீன் அடுப்புக்காக அதில் போட்டு வைப்பார்கள். ஆப்பா நேராகப் போய் அதிலிருந்து ஒரு கட்டையை எடுத்தாள்.

"ஏய், இன்னா பண்றே?" என்றார் சூப்பர்வைசர்.

"கட்டை எடுத்துக்கினு போறேன் சார். கட்டை இல்லாம எழுந்திரிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? இதோ கட்டை."

அவர் வாயைத் திறப்பதற்குள் இன்னொருத்தி எழுந்து ஒரு கட்டையை எடுத்தாள். அப்புறம் இன்னொருத்தி. ஒவ்வொரு மெஷினாகச் சத்தம் அடங்கியது. சாக்கில் கட்டைக்கா பஞ்சம்? இடதுகால் கட்டை, வலதுகால் கட்டை, குழந்தைக் கால் கட்டை, கையில் எது வந்ததோ அது. நான் கத்தரிக்கோலைக் கையில் பிடித்துக்கொண்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். எழுந்தால் மேனேஜர் அப்பாவிடம் சொல்வார். வம்பு வந்தால் அதோடு சரி என்று அப்பா சொல்லியிருந்தார். சென்னை போச்சு, படிப்பு போச்சு, திருப்பத்தூரில் சத்தம் குறைத்துப் பேசிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

ஆப்பா என் முன்னால் வந்து ஒரு கட்டையை நீட்டினாள்.

"காலேஜு, இத்த எழுதப் போறியா, மூத்திரம் போவப் போறியா?"

வாங்கிக்கொண்டேன்.

ஆளுக்கொரு கட்டையோடு ஆண்கள் கூடத்தின் நடுவாக நடந்தோம். சுத்தியல்கள் நின்றுவிட்டன. எவனோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். ஆப்பா நின்று திரும்பினாள். "சிரிக்கறவன் நாளைக்குக் காலையில தண்ணி குடிச்சிட்டு சாயங்காலம் வரைக்கும் அடக்கினு குந்து பாக்கலாம். அப்புறம் சிரி." அவன் வாயை மூடிக்கொண்டான். இருந்தது இரண்டே கழிப்பறைகள். எங்கள் வரிசை வெயிலில் கேட் வரைக்கும் நீண்டது. யாருக்கும் அவசரமில்லாதது போல, அவ்வளவு நாள் அடக்கியதையெல்லாம் சேர்த்து நிதானமாகப் போய் வந்தார்கள். வரிசையில் நிற்கும்போது ஒருத்தி கட்டைக்கு முந்தானையைச் சுற்றிக் குழந்தை மாதிரி தாலாட்ட, நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரிக்காதீங்கடி, இங்கேயே போய்டும் என்று ஒருத்தி கெஞ்சினாள்.

மேனேஜர் ஓடி வந்தார். கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு பாதியில் கிடந்தது. "யார் இத கெளப்பி வுட்டது? சொல்லுங்க, யாரு?" என்று கத்தினார்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "யாரும் கெளப்பல சார். தானா வந்துது."

அதற்கு வரிசை முழுக்கச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அப்படி ஒரு சிரிப்பை அதற்குப் பிறகு எந்த மாநாட்டிலும் நான் கேட்டதில்லை. அவர் கண் வரிசையில் ஒவ்வொரு முகமாகப் போய் என் முகத்தில் வந்து நின்றது. காலேஜ் பெண். அவருக்கு விடை கிடைத்துவிட்டது. அன்றோடு என்னை வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிட்டார். சரக்கு போக வேண்டுமே, மற்றவர்கள் மேல் கை வைக்க முடியவில்லை.

"நீ கெளப்பலன்னு நாங்க சத்தியம் பண்ணாலும் நம்ப மாட்டான்," என்றாள் ஆப்பா. "பொம்பளைங்க தானா எழுந்திரிப்பாங்கன்னு அவனுங்களுக்குத் தோணவே தோணாது. வுடு. பேஜார் ஆவாத."

வீட்டில் பேஜார் ஆகாமல் எப்படி? செய்தி எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. அப்பா குதித்தார். குடும்ப மானம் கப்பலேறிவிட்டதாம். வெள்ளிக்கிழமை திருப்பத்தூர்க்காரர்களை வரச் சொல்லப் போவதாகச் சொன்னார். அம்மா ராட்டையில் தறிக்கான நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் அப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. அன்றும் குரலை உயர்த்தவில்லை. ராட்டையை மட்டும் நிறுத்தினாள்.

"இப்ப இன்னா ஆச்சுன்னு குதிக்கற? அவ போனது மூத்திரந்தானே? கொலையா பண்ணா? நான் இந்த வூட்டுக்கு வந்த நாள்லேர்ந்து விடியறதுக்குள்ள ஒரு தபா, பொழுது சாஞ்சு ஒரு தபா. நடுவுல நான் இன்னா பண்றேன்னு நீ என்னிக்காவது கேட்டியா?"

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். திரும்பி வந்து, "சென்னைக்குப் போய்ட்டு வரட்டும். எடம் கெடைக்கலன்னா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதான்" என்றார். அவ்வளவுதான் அவரால் இறங்க முடிந்தது.

கணக்கு முடிக்க நான் கம்பெனிக்குப் போனபோது கேட்டருகே ஆப்பாவைப் பார்த்தேன். ஆணி இருக்கிறது, கட்டையைக் காணோம் என்றாள். கேண்டீன் அடுப்பில் போய்விட்டதாம். அன்றைய டீ ரொம்ப ருசியாம். நிஜமோ பொய்யோ, நான் நம்பினேன். கடைசி வரிசைப் பெண் திரும்பி வந்துவிட்டாள் என்பதையும் சொன்னாள்.

சென்னைக்கு அப்பாவே கூட வந்தார். அவர் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். தேர்வுக்கு வந்த நாங்கள் எல்லாரும் வராந்தா பெஞ்சில். காலையில் உட்கார்ந்தது, உச்சி வெயில் சாய்ந்தும் என்னைக் கூப்பிடவில்லை. கழிப்பறை எங்கே என்று கேட்டேன். பெண்களுடையது பூட்டியிருக்கிறது, சாவி குமாஸ்தாவிடம் என்றார்கள். குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கூப்பிடற நேரத்துல என்னம்மா அவசரம்?" என்று கேட்டு, மேஜை டிராயரிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். சாவி தொலைந்துவிடக் கூடாதென்று அதில் கயிறு போட்டு ஒரு மரக்கட்டையைக் கட்டியிருந்தார்கள்.

நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதே நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். கட்டையும் கையுமாக உள்ளே போனேன்.

நடுவில் ஒரு பெரியவர், பக்கத்தில் இன்னொருவர், ஓரத்தில் கைத்தறிப் புடவை கட்டிய ஓர் அம்மாள். அந்த அம்மாள் பேசவே இல்லை. நான் ஆம்பூர்க் கதையைச் சொன்னேன். பெரியவரின் முகம் போகப் போகச் சுருங்கியது.

"இதற்குத் தலைவி யார்?"

"யாரும் இல்லைங்க சார்."

"அமைப்பு? கோரிக்கை? தீர்மானம்?"

"எதுவும் இல்லைங்க. எழுந்து போனாங்க. அவ்வளவுதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபமில்லை, பரிதாபப்பட்டார். "பாரம்மா, நீ கெட்டிக்காரி. ஆனால் இது இயக்கமில்லை. சபையில் பேசுகிற விஷயமும் இல்லை. உங்கள் மாவட்டத்தில் பெண் கல்வியின் வளர்ச்சி என்று கண்ணியமாக ஒரு தலைப்பு எடுத்துக்கொள். இப்போதே இடம் தருகிறோம். என்ன சொல்கிறாய்?"

சரி என்று ஒரு சொல். அது போதும். வெளியே வேப்பமரத்தடியில் அப்பா இருக்கிறார், ஊரில் வெள்ளிக்கிழமை காத்திருக்கிறது. எனக்கோ அடக்கி அடக்கி அடிவயிறு கல்லாகக் கனத்தது. தரையில் ஓடியதைத் துடைத்துவிட்டுப் போய்த் தைத்தவள் கண் முன்னால் வந்தாள். கையிலிருந்த கட்டையை அவருக்கு முன்னால் மேஜை மேல் வைத்தேன்.

"சார், காலையிலேர்ந்து நீங்க எழுந்து போயிருப்பீங்க. யாரைக் கேட்டுப் போனீங்க?"

தறிச் சத்தத்தில் வளர்ந்த குரல். வராந்தா வரை கேட்டிருக்கும்.

"நான் ஒருத்தர்கிட்ட கேட்டு, அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, இந்தக் கட்டையைக் கொடுத்தார். இது ஆம்பூர்ல இல்ல சார், உங்க ஆபீஸ்ல. எனக்கு இந்தத் தலைப்புதான் வேணும். இடம் தர்றதும் தராததும் உங்க இஷ்டம். இப்ப நான் போய்ட்டு வர்றேன், வந்து மிச்சத்தைச் சொல்றேன்."

போகட்டுமா என்று கேட்கவில்லை. கட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். கதவருகே போகும்போது பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"இரும்மா," என்றார் அந்த அம்மாள். "நானும் வர்றேன். காலையிலேர்ந்து எனக்கும் இதே கதைதான்."

உள்ளே இரண்டு ஆண்களும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் வராந்தாவில் நடந்தோம். குமாஸ்தா எங்களைப் பார்த்து எழுந்து நின்றார். நடந்துகொண்டே அந்த அம்மாள் கேட்டார்: "அந்தக் கர்ப்பிணிப் பொண்ணு திரும்ப வேலைக்கு வந்தாளா?"

"வந்துட்டா மேடம்."

"அப்ப அவகிட்டேயிருந்து எழுத ஆரம்பி. ரெண்டு வருஷம் இருக்கு உனக்கு."

பூட்டைத் திறந்தேன். முதலில் நீ போ என்றார். இருவரும் வெளியே வந்த பிறகு சாவியைத் திருப்பிக் கொடுக்க நான் எடுத்துப் போகவில்லை. கட்டையோடு சேர்த்துக் கதவிலேயே தொங்கவிட்டுவிட்டு வந்தேன்.